உழைச்செல்வானுக்கு ஒரு பெஞ்சு

(மதுரையை ஒட்டிய ஒரு செவிலியர் கல்லூரியில், மே 12 செவிலியர் தினத்தன்று பேசியது. ஒலிப்பதிவு பாதியில் நின்றுவிட்டதால் நினைவிலிருந்து நானே எழுதியிருக்கிறேன். கைதட்டல் வந்த இடங்களைக் குறிக்கவில்லை, அடக்கம் கருதி.)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து என்னை வெட்கப்பட வைத்த மாமன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடைச் செலவை ஏற்றுக்கொண்ட வர்த்தகப் பெருமகனார் அவர்களே, முன்வரிசையில் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருக்கும் என் பேத்தி வயதுப் பிள்ளைகளே, பின்வரிசையில் அவர்களைப் பெற்றவர்களே, மைக் செட் தம்பி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதல்வர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தே முதல்வர் ஆனவர் இல்லை அவர். வார்டில் நின்று நின்று வந்தவர். மேடை ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாரே, பார்த்தீர்களா? அது அந்த நாட்களின் சம்பளப் பாக்கி. தாளாளர் ஐயா என்னை அழைக்கும்போது, "ஐயா, இருபது நிமிஷம்" என்றார். தமிழாசிரியரிடம் இருபது நிமிஷம் என்று சொன்னால் அது நாற்பது என்பது அவருக்கும் தெரியும். அவரும் என் மாணவர்தான். பொன்னாடைக்கு நன்றி. மே மாதத்து மதுரையில் பொன்னாடை போர்த்துவதும் ஒரு வகைத் தீவிர சிகிச்சைதான்.

மூன்று செய்தி பேசப் போகிறேன். ஒன்று, நோயாளி என்ன படுகிறார். இரண்டு, அவர் குடும்பம் என்ன படுகிறது. மூன்று, இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் செவிலியர் என்ன படுகிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது. அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

குத்துவிளக்கு ஏற்றினோம். கைவிளக்கேந்திய காரிகை என்று எல்லோரும் பேசினார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820 மே 12-ல் பிறந்தார், 1854-ல் 38 பெண்களோடு கிரிமியப் போரில் அடிபட்டவர்கள் கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். இதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. போரிலிருந்து திரும்பிய அந்த அம்மா வாழ்நாளில் பெரும்பகுதியை நாள்பட்ட நோயாளியாகவே கழித்தார். 90 வயது வரை இருந்தார். பல ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்துதான் எழுதினார். விளக்கோடு நின்ற படத்தை மாட்டிவிட்டோம், படுத்திருந்த படத்தை மறந்துவிட்டோம். 1859-ல் எழுதிய செவிலியப் புத்தகத்தில், நோயாளி இருக்கும் அறையில் குசுகுசுவென்று பேசுவது கொடுமை என்று எழுதியிருக்கிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தவர் எழுதியது அது. இந்தக் குசுகுசுவை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

என் அண்ணன் கதைக்கு வருகிறேன். மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அண்ணன் விவசாயி. கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ராத்திரி, வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து வயிற்றை வலிக்கிறது என்றார். மதினி ஓம வாட்டர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கண் இமை தொங்குகிறது. "என்னண்ணே, தூக்கம் கலையலையா?" என்று கேட்கிறேன். பேச்சு குழறுகிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. உடம்பில் கடிவாய் எதுவும் இல்லை, வீக்கம் இல்லை. பக்கவாதம் என்றார் ஒருவர். காற்றுக் கருப்பு என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார், "தரையில படுத்திருந்தாரா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கட்டுவிரியன்! தரையில் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும், வலிக்காது, பல சமயம் பல் பட்ட தடம்கூடத் தெரியாது. காலையில் வயிற்று வலி என்றுதான் எழுந்திருப்பார்கள். பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வராவிட்டாலும் வார்டுக்கு வரும்.

விஷமுறிவு மருந்து ஏற்றி, 108-ல் மதுரைக்கு அனுப்பினார்கள். வழியில் மூச்சு குறைந்தது. வண்டியில் இருந்த தம்பி ஒரு ரப்பர் பையை மாட்டிக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தார். ஒத்தக்கடை தாண்டும்போது அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். ஒரு நொடிகூட விடவில்லை. பிறகு ஒரு டாக்டர் சொன்னார், 1952-ல் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ பரவியபோது மருத்துவ மாணவர்கள் முறை போட்டு, ராத்திரி பகலாக இப்படித்தான் பையை அமுக்கினார்களாம். அதிலிருந்துதான் அடுத்த வருஷம் அங்கே ஐசியூ பிறந்ததாம். ஐசியூ என்பது மெஷினில் தொடங்கவில்லை, கையில்தான் தொடங்கியது.

சரி, அண்ணனுக்கு வென்டிலேட்டர் மாட்டிவிட்டார்கள். கண் திறக்காது, விரல் அசையாது. பார்த்தால் பிரேதம். ஆனால் கட்டுவிரியன் விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தைத்தான் கட்டுகிறது. காது கேட்கும், புத்தி தெளிவாக இருக்கும். மூச்சை மெஷின் பார்த்துக்கொண்டால் சில நாளில் நரம்பு திரும்பிவிடும். இது டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரம். அண்ணனின் இரண்டு மருமகன்களும் உள்ளே போனார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பெரிய மாப்பிள்ளை மெல்லச் சொல்கிறார்: "மாமா கதை முடிஞ்ச மாதிரிதான். கெணத்துத் தோட்டத்துக்குப் பார்ட்டி இருக்கு, ரோட்டு மேல எடம்." சின்ன மாப்பிள்ளை, "தென்னைக்குத் தனியா வெல பேசணும்" என்கிறார். குசுகுசு! அந்த நேரம் கட்டில் பக்கத்து மானிட்டரில் நாடித்துடிப்பு 80-லிருந்து ஏறுகிறது, 100, 110, 120-ஐத் தாண்டிவிட்டது. டூட்டியில் கம்பம் பக்கத்துப் பெண் ஒருத்தி. எட்டிப் பார்த்தாள், மானிட்டரைப் பார்த்தாள், மாப்பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க சார்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் காதருகே குனிந்து, "அப்பா, அவங்க போயிட்டாங்க. நீங்க நல்லாத்தான் ஆகிட்டிருக்கீங்க. தோட்டம் எங்கயும் போகாது" என்றாளாம். துடிப்பு இறங்கிவிட்டது.

அந்தப் பெண் செய்தது இன்னொன்றும் உண்டு. டூட்டிக்கு வரும்போதெல்லாம், "அப்பா, இன்னிக்கு வியாழக்கிழமை, மணி ராத்திரி எட்டு, வெளிய மழை" என்பாள். "இப்ப சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் கஷ்டமா இருக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிச்சுடுவேன்" என்று சொல்லி, பத்து எண்ணுவாள். ஐந்தாம் நாள், "கேக்குதுன்னா கால் கட்டை விரலை ஆட்டுங்க" என்றாள். ஆடியது. எனக்கு விவரம் தெரிந்து அண்ணன் அழுதது ஒரே ஒரு தடவை, இதைச் சொல்லும்போதுதான். "இருட்டுக்குள்ள கெடந்தேன்டா. அந்தப் புள்ள கெழமை சொல்லலேன்னா பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்றார்.

ஒன்பதாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டினோம். பந்தியில் மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் நிதானமாக எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்ள, அந்தத் தென்னை என்ன வெலைக்குப் போச்சு?" பெரிய மாப்பிள்ளைக்குப் புரை ஏறிவிட்டது. அந்தப் பந்தியில் நான் சிரித்த சிரிப்பில் எனக்கும் புரை ஏறியது.

இது நோயாளி பக்கம். அந்த ஒன்பது நாளும் நாங்கள் எங்கே இருந்தோம்? ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி என்றாலும் இதே வாசல்தான்.

ஐசியூ கதவுக்கு வெளியே ஒரு நீள நடை. பத்துக் குடும்பம் தரையில். ஆளுக்கு ஒரு பாய், ஒரு ஒயர் கூடை, ஒரு பிளாஸ்க். கதவு திறந்தால் போதும், அத்தனை பேரும் எழுந்து நிற்போம். துடைப்பத்தோடு வரும் அம்மாவுக்கும் எழுந்து நிற்போம். உள்ளேயிருந்து ஒரு குரல் பெயரைச் சொல்லி, "சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டால், அழைக்கப்பட்டவருக்கு உயிர் போகும், மற்றவர்களுக்கு உயிர் வரும். மருந்துச் சீட்டா, கையெழுத்தா, அதுவா? எது என்று தெரிய நாலு எட்டு நடக்க வேண்டும். அந்த நாலு எட்டை நான் ஒன்பது நாளில் இருபது தடவையாவது நடந்திருப்பேன்.

போன் சார்ஜ் போட எதிர்ப்பக்கம் டீக்கடை, பத்து ரூபாய். போனை அங்கே வைத்தால் கூப்பிடும்போது கையில் இருக்காது, கையில் வைத்தால் சார்ஜ் இருக்காது. பெண்களுக்குக் கழிப்பறை இரண்டு மாடி கீழே. போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? மதினி என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். காலையில் அரை டம்ளர் காபி, ராத்திரி ஒரு வாய்த் தண்ணீர். அண்ணன் வார்டுக்கு வந்த அன்று மதினிக்கு நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல், டிரிப்ஸ். பாம்பு கடித்தது ஒருவரை, படுத்தது இரண்டு பேர்.

இங்கே வள்ளுவரைக் கூப்பிடாமல் முடியாது, என் தொழில் அப்படி. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950. நோய் உற்றவன், அதைத் தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான், இந்த நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவம் என்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் உழைச்செல்வான். உரைகாரர்கள் செவிலியர் பக்கம் சாய்வார்கள். எனக்கு அந்தச் சொல்லுக்குள் கம்பத்துப் பெண்ணும் தெரிகிறாள், தண்ணீர் குடிக்காத மதினியும் தெரிகிறார். நாலு காலில் மூன்று காலைக் கதவுக்கு உள்ளே வைத்துக்கொண்டோம். நாலாவதில் பாதியைத் தரையில் உட்கார வைத்துவிட்டோம்.

நாள்பட்ட நோய்க்காரர் கதை வேறு, வாசல் அதே வாசல்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து டயாலிசிஸுக்கு வரும் ஒருவரை எனக்குத் தெரியும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் மெஷினில். போகவர பஸ். தண்ணீரை டம்ளரில் அளந்துதான் குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் புளிப்பு மிட்டாயை நாக்கில் வைத்துக்கொண்டு சமாளிப்பார். அவர் மனைவி அந்த நாலு மணி நேரமும் வேப்பமரத்தடியில் பூக்கட்டுவார். மழை வந்தால் சைக்கிள் ஸ்டாண்டில். ஐசியூ என்றால் ஒன்பது நாளில் முடியும், இல்லை முடிந்துபோகும். இவர்களுக்கு வருஷக் கணக்கு. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, படுத்த படுக்கையாக இருப்பவரைச் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். மருந்தும் செவிலியரும் வீடு தேடி வரும் காலத்தில், வீடு ஆஸ்பத்திரி தேடிப் போனால் உட்கார இடம் இல்லை என்பதுதான் என் வழக்கு.

அதனால் நான் கேட்பது இதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், அதே மாடியில், கதவு தெரிகிற தூரத்தில், உழைச்செல்வான் கூடம் ஒன்று வேண்டும். சாய்வு வைத்த பெஞ்சு, மின்விசிறி, சார்ஜ் போடும் இடம், பூட்டு வைத்த அலமாரி, பெண்களுக்குக் கழிப்பறை. கூடவே தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம், உட்கார வைத்து, தமிழில், இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று சொல்ல ஒரு ஆள். "காது கேட்கும், நல்லதாகப் பேசுங்கள்" என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் மாப்பிள்ளைகள் மானமாவது தப்பியிருக்கும். இதை எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மூன்று தடவை கொடுத்துவிட்டேன். மூன்று ரசீதும் இந்தப் பையில் இருக்கின்றன. பதில் வந்தது, "பரிசீலனையில் உள்ளது" என்று. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். யாருக்கும் வர வேண்டாம், வராமலே தெரிந்துகொள்ளட்டும்.

தாளாளர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். "சாப்பாடு ஆறுகிறது" என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது செய்தி, செவிலியர் படும் பாடு, அப்படியே நிற்கிறது. உங்கள் தினத்துக்கு வந்து உங்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறேன், மன்னியுங்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்று படித்துவிட்டுப் போவீர்கள், அங்கே மூன்று கட்டில் உங்கள் தலையில் விழும். ஒப்பந்தச் சம்பளம், ராத்திரி டூட்டி முடித்துக் காலைப் பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பைத் தவறவிடுவது, எல்லாம் எனக்குத் தெரியும். கம்பத்துப் பெண்ணுக்கு அன்றைக்கு எத்தனை கட்டில் என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் கூப்பிடுங்கள், அதிலிருந்து தொடங்குகிறேன்.

வாசலில் பன்னீர்ச் செம்பு வைத்திருக்கும் மேசையில் நாலாவது மனு இருக்கிறது. மாமன்ற உறுப்பினர் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடையிலேயே தலையாட்டிவிட்டார், நான் பார்த்தேன். பெற்றோர்கள் சாப்பிடப் போகும்போது போட்டுவிட்டுப் போங்கள், கை கழுவிய பிறகு என்றால் காகிதம் நனையும். பேனா இரண்டு வைத்திருக்கிறேன். நீல மூடி பேனா என் பேரனுடையது, அதை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.