வண்டியை வித்தாச்சு, ஆர்.சி.ல பேர் மாறிடுச்சா?

வணக்கம் மக்களே. தமிழ்நாட்டுல செகண்ட் ஹேண்ட் பைக், கார் கைமாறும்போது ஆர்.சி.ல பேர் மாத்துறது எப்படின்னு இன்னைக்குப் பார்க்கலாம். வாங்குறவங்களை விட விக்கிறவங்கதான் இதைக் கவனமா கேக்கணும்.

இதோ கையில வெச்சிருக்கேன் பாருங்க, ஃபார்ம் 29. வண்டியை வித்துட்டேன்னு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சொல்ற ஃபார்ம் இது. கிட்ட காட்டுறேன். இதை ரெண்டு காப்பி போடணும். ரெண்டாவது காப்பியில பேர் மாத்தினதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குறிச்சு, வித்தவருக்கே திருப்பிக் கொடுக்கணும்னு ஃபார்ம்லயே அச்சடிச்சிருக்கு. அதை மறக்காம கேட்டு வாங்குங்க.

ஆனா நடக்குறது என்ன? வாங்குறவர் பேர், தேதி எதையும் நிரப்பாம, வெறும் ஃபார்ம் 29-லயும், பேர் மாத்தக் கேக்குற விண்ணப்பமான ஃபார்ம் 30-லயும் கையெழுத்து போட்டு புரோக்கர் கையில குடுத்துடுறாங்க. வண்டி மூணு கை மாறிடும், ஆர்.சி.ல உங்க பேர் அப்படியே நிக்கும். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டி யாரையாவது இடிச்சா, இழப்பீட்டு வழக்கு உங்க தலையில வந்து விழும். ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர்னு 2018-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. அதனால ஃபார்மை முழுசா நிரப்பிட்டு, அப்புறம் கையெழுத்து போடுங்க. ப்ளீஸ்.

மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி ஒரே மாநிலத்துக்குள்ளன்னா வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள.

விண்ணப்பம் போடுறது மத்திய அரசோட பரிவாகன் இணையதளத்துல. வண்டி நம்பர், சேசிஸ் நம்பரோட கடைசி 5 எழுத்து போட்டதும், ஆர்.சி.ல பதிஞ்சிருக்குற மொபைலுக்கு ஓ.டி.பி. போகும். நிறைய பேருக்கு வேலை நிக்கிறது இங்கதான், அது என்னைக்கோ தூக்கிப்போட்ட சிம்மா இருக்கும். விலை பேசுறதுக்கு முன்னாடியே நம்பரை மாத்தி வெச்சுக்கோங்க. ஒரிஜினல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாங்குறவரோட முகவரிச் சான்று இதெல்லாம் தயாரா இருக்கணும்.

அடுத்த முட்டுக்கட்டை ஹெச்.பி., அதாவது வண்டி மேல லோன் இருக்குன்னு ஆர்.சி.ல பேங்க் பேரோட இருக்குற பதிவு. லோனைக் கட்டி முடிச்சா பேங்க் பேர் ஆர்.சி.ல இருந்து தானா போயிடாது. பேங்க்ல என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லைன்னு சான்று), அவங்க கையெழுத்து, சீலோட ஃபார்ம் 35 ரெண்டு காப்பியும் வாங்கி ஹெச்.பி. கேன்சல் பண்ணணும். கட்டாத இ-சலான் இருந்தாலும் தொந்தரவுதான், பார்த்து கட்டிடுங்க. வெளிமாநில வண்டின்னா, பழைய ஆர்.டி.ஓ.கிட்ட ஃபார்ம் 28-ல என்.ஓ.சி. வாங்கணும், இங்க வரியும் கட்டணும். அந்த வரியைக் கணக்குல சேர்க்காம விலை பேசாதீங்க.

வாங்குறவங்களுக்கு இன்சூரன்ஸ் பத்தி ஒரு விஷயம். மத்தவங்களுக்கு ஆகுற பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி கவர் வண்டியோடவே உங்களுக்கு வந்துடும். ஆனா பாலிசி உங்க பேருக்கு மாறாம, உங்க வண்டி சேதத்துக்கு க்ளெய்ம் போட்டா நிராகரிச்சுடுவாங்க. 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் குடுங்க. பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாததுக்கு பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது அவரோட சொத்து. அந்த வித்தியாசத்தை நீங்க கட்டணும்.

கார் வித்தவங்க ஃபாஸ்டேகை அன்னைக்கே க்ளோஸ் பண்ணிடுங்க. இல்லன்னா வாங்கினவர் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் காசு உங்க கணக்குல இருந்து போயிட்டே இருக்கும்.