அந்தக் கிட்டாரை வாசித்தது யாருங்க?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் டி.வி.யை அணைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற ரசிகப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். ‘பழைய ராக் பதிவுகளில் லீட் கிட்டார் வாசித்தது யார் என்று துருவிக்கொண்டே இருப்பது ரசனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?’ லீட் கிட்டார் என்றால் பாட்டில் முன்னால் நின்று பேசுகிற கிட்டார். அது தனியாகப் பாய்கிற இடத்தை சோலோ என்பார்கள். வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். “காபியைக் குடிங்கய்யா என்றால் இவர்கள் கறந்த மாட்டின் பெயரைக் கேட்கிறார்கள்” என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவர் அவர்களே, நாங்கள் மாட்டைக் கேட்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம், டம்ளரில் காபி வருகிறது, முதல் வாயிலேயே அசந்துபோகிறோம். உடனே என்ன கேட்கிறோம்? “காபி யார் போட்டது?” அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்கிறோம். மட்டமான காபிக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. ருசி தெரிந்த நாக்குதான் கலந்த கையைத் தேடும்.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் கல்லூரியில் படித்த நாளில் ரெக்கார்டிங் சென்டர் என்று ஒன்று இருந்தது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். உள்ளே ஒரு துண்டு அட்டை, அதில் பால்பாயிண்ட் பேனாவால் பாட்டின் பெயர். பாடியவர் பெயர் இருந்தாலே அதிர்ஷ்டம். அப்படி வந்த ஒரு கேசட்டில் பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’ இருந்தது. அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிப் பாடியது, கிட்டார் அழுகிறது என்றே பெயர் வைத்தது. அப்படியானால் அழவைத்த கிட்டாரும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? விடுதி அறைத் தோழன் இல்லை என்றான். ஒரு பிளேட் பிரியாணி பந்தயம் கட்டினேன். தோற்றேன். அதுவும் சாதாரண பிரியாணி இல்லை, சனிக்கிழமை ராத்திரி ஸ்பெஷல்.

வாசித்தவர் எரிக் கிளாப்டன், பீட்டில்ஸில் இல்லாத கிட்டார்க்காரர். 1968 செப்டம்பர் 6. அதற்குச் சில நாள் முன்புதான் ஹாரிசன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, கிட்டார் சோலோவைப் பின்னோக்கி ஓட்டிப் பதிவு செய்யும் முயற்சியில் ஒரு ராத்திரியைச் செலவழித்திருந்தார். சரிப்பட்டு வரவில்லை. ஆறாம் தேதி கிளாப்டனோடு காரில் லண்டனுக்கு வருகிறார். வந்து வாசியேன் என்று கூப்பிடுகிறார். கிளாப்டன் தயங்குகிறார், பீட்டில்ஸ் பதிவில் வெளியாள் வந்து இப்படி வாசிக்கும் வழக்கம் இல்லையே என்று. இது என் பாட்டு, நான் கூப்பிடுகிறேன் என்கிறார் ஹாரிசன். உள்ளே வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? அதுவரை இந்தப் பாட்டைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விருந்தாளி வந்தால் வீட்டில் சண்டை போடுகிறவர்களும் சிரித்த முகமாக ஆவதில்லையா, அதேதான்.

இதோடு முடியவில்லை. தன் வாசிப்பு பீட்டில்ஸ் பாட்டு மாதிரி இல்லையே என்று கிளாப்டனுக்கே ஒரு குறை. அதனால் கலவை செய்யும்போது ஒலியை எந்திரத்தில் விட்டு, வேகத்தை லேசாக ஆட்டி, ஒரு தள்ளாட்டம் கொடுத்தார்கள். ஒரு ஆள் உட்கார்ந்து குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் பந்தயத்தில் தோற்றதற்குக் காரணம் அந்தக் குமிழ்தான், நடுவர் அவர்களே. கிளாப்டனை மறைப்பதற்கென்றே செய்த வேலையில் என் காது ஏமாந்துபோனது. இசைத்தட்டு உறையிலும் அவர் பெயரைப் போடவில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பாட்டை நான் குறைவாக ரசித்தேனா? அந்த ராத்திரியே ஒன்பது முறை ஓட்டிக் கேட்டேன். அந்தத் தள்ளாட்டம் அதுவரை என் காதில் விழவே இல்லை. அன்றைக்குத்தான் விழுந்தது.

அடுத்த ஆண்டு கிரீம் குழுவின் கடைசி ஆல்பம் வருகிறது. அது கிளாப்டனின் குழு. அதில் ‘பேட்ஜ்’ என்ற பாட்டில் ரிதம் கிட்டார், அதாவது பின்னால் நின்று தாளம் பிடிக்கிற கிட்டார், வாசித்தவர் பெயர் லாஞ்செலோ மிஸ்டெரியோசோ என்று அச்சாகியிருக்கிறது. இத்தாலிய மொழியில் ‘மர்மத் தேவதூதன்’. யார் அந்தத் தேவதூதன்? ஹாரிசன்தான். ஒப்பந்தச் சிக்கல் வராமல் இருக்கப் புனைபெயர். கடன் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கிண்ணமாகக் கொடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா, அந்தக் கணக்கு. துருவாதவனுக்கு இந்த இரண்டு பாட்டும் இரண்டு தனித்தனிப் பாட்டு, அவ்வளவுதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், அந்தச் சகோதரி, நியாயமாக ஒன்று கேட்டார். “உறையில் பீட்டில்ஸ் என்று போட்டிருக்கிறதே, போதாதா? வீட்டில் யார் குழம்பு வைத்தாலும் வீட்டுச் சாப்பாடுதானே?” சரி, அம்மா. ஆனால் வீட்டில் அப்பா ஒரு நாள் குழம்பு வைத்தால் அந்த வீடு அதை எத்தனை வருஷம் சொல்லும்?

1966ல் வந்த ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘டாக்ஸ்மேன்’. வருமான வரியில் நொந்துபோய் ஹாரிசன் எழுதியது. குழுவில் லீட் கிட்டார்க்காரரும் அவரே. ஆக, நடுவில் வெறி பிடித்தாற்போல் பாய்கிற அந்த சோலோ அவருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எத்தனையோ பேர் சொன்னார்கள். வாசித்தது பால் மெக்கார்ட்னி. குழுவில் கீழ்ச்சுரம் பிடிக்கிற பேஸ் கிட்டார்க்காரர்! ஹாரிசனுக்கு அப்போது இந்திய இசைப் பித்து. முந்தின வருஷம்தான் ஒரு பாட்டில் சித்தார் வாசித்திருந்தார். பால் அந்த சோலோவில் இந்திய வாடை வீசுகிற ஒரு துணுக்கைச் சேர்த்தார். அது தனக்காகப் போட்டது என்றும், பால் வாசித்ததில் தனக்குச் சந்தோஷம்தான் என்றும் ஹாரிசனே பிற்பாடு பேட்டியில் சொன்னார். இப்போது மறுபடி கேளுங்கள். சோலோவின் கடைசியில் சுரங்கள் சரசரவென்று இறங்கி வருகிற இடத்தில் ஒரு நண்பன் இன்னொருவனுக்கு அவன் மொழியிலேயே ஏதோ சொல்வது கேட்கும். இன்னும் ஒன்று. பாட்டு முடிந்து ஒலி தேய்ந்து மறைகிற இடத்தில் வருகிற கிட்டார், புதிதாக வாசித்தது இல்லை. நடுவில் வந்த அதே சோலோவின் நகலை எடுத்து வாலில் ஒட்டினார்கள். ‘யார் வாசித்தது’ என்று கிளம்பியவனுக்குத்தான் ‘அதையே மறுபடி ஒட்டியிருக்கிறார்களே’ என்பது பிடிபடும்.

பீட்டில்ஸின் ‘கெட் பேக்’ பாட்டின் சோலோ குழுவின் இன்னொருவரான ஜான் லெனன் வாசித்தது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறேன். மாடியில் நின்று அவர்கள் வாசித்த படம் இருக்கிறது, விரலைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கு வழக்கு வாய்தா எதுவும் தேவையில்லை.

சரி, எதிரணியின் பெரிய குண்டுக்கு வருகிறேன். இப்படித் துருவுவது வாசித்தவனின் பேரைக் கெடுக்கிறது, வதந்தியைக் கிளப்புகிறது என்றார்கள். உதாரணமும் காட்டினார்கள், கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மீ’. நல்ல உதாரணம். நானே எடுத்திருப்பேன், முந்திக்கொண்டார்கள்.

1964, லண்டன். கிட்டார் வாசித்த பையன் டேவ் டேவிஸ், வயது 17. அவனிடம் எல்பிகோ என்று ஒரு சின்ன மலிவு ஆம்ப், கிட்டார் ஒலியைப் பெருக்குகிற பெட்டி. அதன் சத்தம் சப்பென்று இருக்கிறதென்று கோபம். ஷேவிங் பிளேடை எடுத்து ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக் கீறிவிட்டான். கீறிய காகிதம் படபடவென்று அடித்து, சத்தம் கரகரவென்று உறுமலாக வந்தது. அதைக் கொண்டுபோய்ப் பெரிய வாக்ஸ் ஆம்பில் செருகினான். ஒரு தலைமுறையே அந்தக் கரகரப்பின் பின்னால் போனது.

ஆனால் ஊர் என்ன சொன்னது? இந்தப் பொடியனாவது இப்படி வாசிப்பதாவது, அது ஜிம்மி பேஜ் என்றது. பேஜுக்கு அப்போது 20 வயது. அவருக்குப் பெரும் புகழ் தந்த லெட் செப்பலின் குழு எல்லாம் பிறகு. அன்றைக்கு அவர் லண்டன் ஸ்டூடியோக்களில் மணிக்கணக்கில் கூலிக்கு வாசிக்கிற செஷன் கலைஞர். யார் பாட்டில் வேண்டுமானாலும் அவர் இருக்கலாம், எதிலும் பெயர் இருக்காது. சந்தேகத்துக்கு உரம் போட இன்னொன்றும் இருந்தது. அதே பாட்டில் டிரம்ஸ் வாசித்தது வெளியாள், பாபி கிரஹாம். குழுவின் டிரம்மர் கையில் டாம்பரினைக் கொடுத்துவிட்டார்கள். கிங்க்ஸின் முதல் ஆல்பத்தில் பேஜ் ரிதம் கிட்டார் வாசித்ததும் உண்டு. தயாரிப்பாளர் ஷெல் டால்மியே சொல்லியிருக்கிறார். பாதி உண்மை சுற்றிலும் கிடந்தால் வதந்திக்குத் தனியாகக் கால் வேண்டாம்.

இந்த வதந்தியை யார் கிளப்பியது, துருவியவனா? இல்லவே இல்லை. “அவராகத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனவன். துருவியவன் என்ன செய்தான்? டால்மியிடம் போய்க் கேட்டான். சோலோ பேஜ் இல்லை என்றார். பேஜிடமே கேட்டான், நான் இல்லை என்றார். டேவ் டேவிஸ் வாழ்நாளெல்லாம் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். மூன்று வாய், ஒரே பதில். கீறின ஸ்பீக்கரின் சொந்தக்காரனுக்கு அவன் சொத்து திரும்பியது. பெயரைக் கெடுத்தது எங்கள் கட்சி இல்லை, நடுவர் அவர்களே. நாங்கள் பட்டா வாங்கிக் கொடுத்த கட்சி.

பட்டா வேறு பக்கமாகவும் போகும், அதையும் மறைக்க மாட்டேன். 1974ல் ஏரோஸ்மித் என்ற அமெரிக்கக் குழுவின் இரண்டாவது ஆல்பம் ‘கெட் யுவர் விங்ஸ்’. அதில் ‘ட்ரெயின் கெப்ட் எ ரோலின்’. கிட்டார் பழகுகிற பிள்ளைகள் வருஷக்கணக்காக அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் ஜோ பெர்ரியின் சோலோ என்று விரல் தேய அதை வாசித்துப் பழகினார்கள். வாசித்தவர்கள் ஸ்டீவ் ஹண்டர், டிக் வாக்னர் என்ற இரண்டு வெளியாட்கள். உறையில் பெயர் கிடையாது. பாட்டின் பின்பாதியில் கச்சேரி மாதிரி கூட்டத்தின் ஆரவாரம் கேட்கும், அதுவும் ஒட்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே 1974ல் லூ ரீட் என்ற பாடகரின் ‘ராக் அண்ட் ரோல் அனிமல்’ என்ற மேடைப் பதிவு வந்தது. அதைத் திறந்துவைப்பதே இந்த இருவரின் கிட்டார்தான். ஒரு தட்டில் மாப்பிள்ளை, இன்னொரு தட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.

ஜோ பெர்ரி ரசிகர்களுக்கு வருத்தம் இருக்கும், தெரியும். எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அன்று காசுக்கு வாசித்துவிட்டு, கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன இருவரின் இடத்தில் நின்று பாருங்கள். தான் வாசித்ததை ஊரெல்லாம் வேறொருவர் பெயர் சொல்லிப் பாராட்டும்போது எப்படி இருக்கும்? நம் சினிமாப் பாட்டு இசைத்தட்டுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர் இருக்கும். முன்னிசையில் உயிரை உருக்கிய புல்லாங்குழல்காரர் பெயரை எத்தனை தட்டில் பார்த்திருக்கிறீர்கள்? கைதட்ட வேண்டாம், யோசித்தால் போதும்.

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோளோடு இறங்கிவிடுகிறேன்.

பீட்டில்ஸின் ‘அபே ரோட்’ ஆல்பத்தில் ‘தி எண்ட்’ என்று ஒரு சின்னப் பாட்டு. 1969 ஆகஸ்டில் பால், ஜார்ஜ், ஜான் மூவரும் ஆளுக்கொரு கிட்டாரோடு அதற்கு மாற்றி மாற்றி சோலோ வாசித்தார்கள். ஆளுக்கு இரண்டு ‘பார்’, அதாவது இரண்டு தாளக் கட்டம், மூன்று சுற்று. ஒருவர் ஊசி மாதிரி குத்துவார், ஒருவர் தந்தியை வளைத்து இழைப்பார், ஒருவர் தகர ஷீட்டைக் கிழிப்பது போலக் கிழிப்பார். யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசை எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

தீர்ப்புக்கு முன்னால் காபி இடைவேளை இருக்கிறது. எதிரணித் தலைவர் அவர்கள் அந்தப் பாட்டைக் கைபேசியில் ஒரு தடவை போட்டுக் கேட்கட்டும். கேட்டு முடித்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் வந்து மெதுவாக, “அந்த இரண்டாவது ஆள் யாருங்க?” என்று கேட்டார் என்றால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அங்கேயே எழுதிவிடலாம். கேட்கவில்லை என்றால் பிரியாணி என் செலவு. வணக்கம்.