லினக்ஸ் பூட் ஆகும்போது வரும் 'கான்ஃப்ளிக்ட்' வார்னிங்: யார் யாரோட மோதுறாங்க?

[திரை: கருப்புப் பின்னணியில் பூட் வரிகள் ஓடுகின்றன. 'ஏசிபிஐ வார்னிங்' என்று தொடங்கும் வரிகள் மட்டும் உறைந்து நிற்கின்றன.]

லினக்ஸ் பூட் ஆகும்போது, நடுவுல 'கான்ஃப்ளிக்ட்ஸ்'னு ஒரு வார்த்தையோட நாலஞ்சு வரி சட்டுனு ஓடி மறையும். அடுத்த நொடி லாகின் ஸ்கிரீன் வந்துடும், எல்லாம் ஒழுங்காவே ஓடும். ஆனாலும் 'மதர்போர்டுல ஏதோ போச்சோ'ன்னு ஒரு உறுத்தல் இருக்கும்.

பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. லினக்ஸோட மையமான கெர்னல், ஒரு டிரைவரை, அதாவது ஒரு வன்பொருளை இயக்குற புரோகிராமை, வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கு. எதுக்காக நிறுத்துச்சுன்னு பார்ப்போம்.

[திரை: டெர்மினல். பூட் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்ட், சூடோவுடன். வார்னிங் வரிகள் மட்டும் வடிகட்டப்பட்டுள்ளன. ஒரு வரி பெரிதாகிறது.]

இன்டெல் போர்டுல அடிக்கடி வர்ற வரி இது. 1828 முதல் 182எஃப் வரைக்கும் உள்ள போர்ட் முகவரிகள் (சிப்புகளோட பேசுறதுக்கான கதவு எண்கள்), 1800 முதல் 187எஃப் வரைக்கும் உள்ள 'ஆப்ரீஜியன்'னோட மோதுதுன்னு சொல்லுது. ரெண்டுமே ஹெக்ஸ், அதாவது பதினாறை அடிப்படையா வெச்ச எண்கள். டிரைவர் கேட்டது 8 முகவரி. ஆனா அதையும் சேர்த்து 128 முகவரியை ஏற்கெனவே ஒருத்தர் பிடிச்சு வெச்சிருக்கார். யாரு? பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற, மதர்போர்டுலயே இருக்கிற மென்பொருள்.

வரியோட கடைசியில அடைப்புக்குறிக்குள்ள 2019, 2021ன்னு ஆரம்பிக்கிற எட்டு இலக்க எண் ஒண்ணு இருக்கும். பார்த்தா தேதி மாதிரியே தெரியும். அது கெர்னலுக்குள்ள இருக்கிற ஏசிபிஐ (பயாஸும் லினக்ஸும் பேசிக்கிறதுக்கான பொது விதிமுறை) கோடோட பதிப்பு எண், அவ்வளவுதான். உங்க மெஷின் அன்னைக்குக் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை.

[திரை: பயாஸ், கெர்னல், டிரைவர் என மூன்று பெட்டிகள். இரண்டு அம்புகள் ஒரே சிப்பை நோக்கிப் போகின்றன.]

கம்ப்யூட்டரை லினக்ஸ் கையில ஒப்படைச்சதோட பயாஸ் ஒதுங்கிடுறதில்லை. பேட்டரி, வெப்பநிலை, ஸ்லீப் மாதிரி வேலைக்கெல்லாம் சின்னச் சின்ன புரோகிராம்களை ஏசிபிஐ டேபிள்ல விட்டுட்டுப் போகுது. கெர்னல்தான் அதையெல்லாம் ஓட்டும். அந்தப் புரோகிராம்கள் 'இந்த முகவரியெல்லாம் நான் தொடுவேன்'னு முன்கூட்டியே அறிவிக்கிற பகுதிக்குப் பேர்தான் ஆப்ரீஜியன். அதே முகவரியைக் கேட்டு லினக்ஸோட சொந்த டிரைவரும் வந்து நிக்கும்போதுதான் இந்த வார்னிங் வருது.

ரெண்டு பேரும் தொட்டா என்ன ஆகும்? டெஸ்க்டாப் போர்டுல ஃபேன் வேகத்தையும் வெப்பநிலையையும் கவனிக்கிற ஒரு சென்சார் சிப் இருக்கும். அதோட பேசுறதுக்கு பெரும்பாலும் ரெண்டே போர்ட்தான். முதல் போர்ட்ல 'எத்தனையாவது ரெஜிஸ்டர் (சிப்புக்குள்ள மதிப்பு இருக்கிற சின்னப் பெட்டி) வேணும்'னு எழுதணும். அப்புறம் ரெண்டாவது போர்ட்ல மதிப்பைப் படிக்கலாம், இல்ல எழுதலாம். இந்த ரெண்டு படிக்கு நடுவுல பயாஸ் புரோகிராம் புகுந்து வேற ரெஜிஸ்டர் எண்ணைப் போட்டா? ஒரே கணக்கு நோட்டுல நீங்க அஞ்சாம் பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு பேனா எடுக்கிறதுக்குள்ள, இன்னொருத்தர் ஒன்பதாம் பக்கத்துக்குப் புரட்டிட்ட கதைதான். படிச்சா தப்பான வெப்பநிலை வரும். அது போனாப் போகுது. ஆனா எழுதினா, ஃபேனுக்குப் போக வேண்டிய மதிப்பு வேற எங்கேயோ போய் உட்காரும்.

அதனாலதான் 2009ல வந்த 2.6.31 கெர்னல்லேருந்து, மோதல்னு தெரிஞ்சா அந்த டிரைவருக்கு அனுமதி மறுக்கிறதே வழக்கம். என்னைக் கேட்டா, சரியான முடிவு.

[திரை: வார்னிங்கின் அடுத்தடுத்த வரிகள்.]

இனி நீங்க பார்க்க வேண்டியது, எந்த டிரைவர் வெளியே நிக்குதுங்கிறதைத்தான். 'ஜிபிஐஓ-ஐசிஎச்'னு, அதாவது இன்டெல் சிப்செட்டோட பொது உபயோக பின்களுக்கான டிரைவர் பேரோட முடிஞ்சா விட்டுடுங்க. சாதாரண லேப்டாப்ல அது இல்லாம ஒண்ணும் குறையாது. சென்சார் டிரைவரா இருந்தா, சென்சார்ஸ் கமாண்ட்ல ஃபேன் வேகம் தெரியாது. ஆனா ஃபேன் சுத்தும். அதை போர்டே பார்த்துக்கும்.

ஃபேன் வேகம் தெரிஞ்சே ஆகணும்னா, பலரும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற வைத்தியம், கெர்னல் பாராமீட்டர்ல (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கிற செட்டிங்) 'ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்'ஸை 'லாக்ஸ்'னு மாத்துறது. வார்னிங் அப்பவும் வரும், ஆனா டிரைவர் உள்ளே போயிடும். அதாவது இப்போ சொன்ன நோட்டுச் சண்டையை நீங்களே அனுமதிக்கிறீங்க. அதுக்கு முன்னாடி கெர்னலைப் புதுசாக்கிப் பாருங்க. ஏசஸ் போர்டுகள் பலதுல, கெர்னல் 5.17லேருந்து என்சிடி 6775ங்கிற சென்சார் டிரைவர் போர்ட்டை நேரடியாத் தொடாம, பயாஸ் வழியாவே கேட்டு வாங்கிக்குது.

[திரை: எல்எஸ்பிசிஐ கமாண்ட், 'கே' ஆப்ஷனுடன். கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே 'நூவோ' என்ற பெயர்.]

கண்டுக்காம விடக்கூடாத மோதல் ஒண்ணு உண்டு. என்விடியா கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த நிறுவனத்தோட டிரைவரை இன்ஸ்டால் பண்ணியும், அதே கார்டுக்கான ஓப்பன் சோர்ஸ் டிரைவரான 'நூவோ' முந்திக்கிட்டு கார்டைப் பிடிச்சுக்கும். இதுல பயாஸுக்குப் பங்கே இல்லை, ரெண்டுமே லினக்ஸ் டிரைவர்கள். நூவோவை பிளாக்லிஸ்ட்ல (லோட் பண்ணக்கூடாத டிரைவர்களோட பட்டியல்) போட்டா மட்டும் போதாது. உபுண்டு, டெபியன்ல இனிட்ராம்எஃப்எஸ்ஸையும், அதாவது பூட்டோட ஆரம்பத்துல லோட் ஆகிற சின்ன ஃபைல் தொகுப்பையும், அப்டேட் பண்ணணும். இல்லேன்னா பிளாக்லிஸ்ட்டைப் படிக்கிறதுக்கு முன்னாடியே பழைய நூவோ உள்ளே வந்து உட்கார்ந்துடும். ரீபூட் பண்ணிட்டு இதே கமாண்டைத் திரும்ப ஓட்டுங்க. 'டிரைவர் இன் யூஸ்' வரியில என்விடியான்னு வந்திருக்கணும்.