வாஷிங்டனில் பன்னிரண்டு வாரம்: இன்டர்னாகப் போகிறவர்களுக்குச் சில சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் இன்டர்ன்ஷிப் உறுதியானதும் வீட்டில் எல்லாரும் பெட்டி வாங்கக் கிளம்புவார்கள். பெட்டி மெதுவாக வாங்கலாம். முதலில் டி.எஸ்-7002 படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி விடாமல் படியுங்கள். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போகிற ஒவ்வொரு இன்டர்னுக்கும் இது உண்டு. எந்தக் கட்டத்தில் என்ன வேலை, யார் சொல்லித்தருவார், முடிவில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பலர் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விதி உங்கள் பக்கம் இருக்கிறது. இன்டர்ன்ஷிப் வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரம் இருக்க வேண்டும். அதில் நகல் எடுப்பது, கோப்பு அடுக்குவது போன்ற எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வாரம் 40 மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம், அதாவது ஒரே ஒரு நாள். மூன்றாவது வாரமும் நாள் முழுக்க எக்செல் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தால் புகார் சொல்லிப் போகாதீர்கள். படிவத்தின் நகலோடு மேற்பார்வையாளரிடம் போய், "இரண்டாம் கட்டத்தில் ஆய்வுக் குறிப்பு எழுதுவது என்று இருக்கிறது, எந்த வாரம் தொடங்கலாம்?" என்று கேளுங்கள். தேதி கேட்டால் தேதி கிடைக்கும். அப்படியும் நடக்கவில்லை என்றால் உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர் அமைப்புக்கு எழுதலாம். அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். சனி ஞாயிறில் உணவகத்தில் கைக்காசுக்கு வேலை என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் போகவே போகாதீர்கள். படிவத்தில் இல்லாத இடத்தில் வேலை செய்தால் விசா நிலையே போய்விடும். உலக வங்கி போன்ற சர்வதேச அமைப்புகளுக்கு ஜி-4 விசாவில் போகிறவர்களுக்கு விதிகள் வேறு.

அடுத்தது சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது சம்பளத்துக்கும் வரிக்கும் அமெரிக்க அரசு தரும் அடையாள எண். நீங்கள் வந்து சேர்ந்ததை ஸ்பான்சர் செவிஸ் என்ற கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும். அதற்கு முன்பே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு ஓடினால் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். வந்த பத்து நாள் கழித்துப் போவது நல்லது. பாஸ்போர்ட், ஸ்பான்சர் தந்த டி.எஸ்-2019 என்ற தகுதிச் சான்று, இணையத்தில் இறக்கிய ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, ஸ்பான்சர் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். அட்டை தபாலில்தான் வரும். பகிர்ந்து தங்கும் வீட்டில் தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடலாம். எண் வரும்வரை சும்மா உட்கார வேண்டியதில்லை, விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

சம்பளம் உண்டென்றால் முதல் சம்பளச் சீட்டைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதிய வரி 6.2, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரி 1.45, ஆக 7.65 சதவீதம் பிடித்திருக்கிறார்களா? முதல் முறையாக ஜே-1 விசாவில் வந்த இன்டர்னுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது. 2,000 டாலருக்கு 153 டாலர் வீணாகப் போகும். சம்பளப் பிரிவுக்காரர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஊழியர் என்று நினைத்துப் பிடித்துவிடுகிறார்கள். எடுத்துச் சொன்னால் திருப்பித் தருவார்கள். வருமான வரி வேறு, அது உண்டு. சம்பளமே இல்லாதவர்கள்கூட அடுத்த ஆண்டு ஜூன் 15-க்குள் வரித்துறைக்கு 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். ஊர் திரும்பியவர்கள் மறப்பது இதைத்தான்.

தங்குமிடம்: கோடையில் ஜார்ஜ் வாஷிங்டன், அமெரிக்கன் போன்ற பல்கலைக்கழகங்கள் விடுதி அறைகளை இன்டர்ன்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஆகஸ்டில் மாணவர்கள் திரும்புவதால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். உங்கள் கடைசி நாளையும் விடுதியின் கடைசி நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தனியார் வீடென்றால் முன்பணம் ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்பது நகரச் சட்டம். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இனி மாலை நேரம். வாஷிங்டனில் மாலைகளும் மதியங்களும் வேலையின் இன்னொரு பாதி. டூபான்ட் சர்க்கிளை ஒட்டிய மாசசூசெட்ஸ் அவென்யூவில் ஆய்வு நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. மதிய உரைகளில் பல இலவசம், முன்பதிவு செய்தால் போதும். உரை முடிந்ததும் கிளம்பிவிடாமல் பேசியவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மறுநாளைக்குள் நாலு வரி மின்னஞ்சல்: நீங்கள் யார், எந்தக் கேள்வி கேட்டீர்கள், இருபது நிமிடம் காபிக்கு நேரம் கிடைக்குமா, எந்த இரண்டு நாள் உங்களுக்குத் தோது. "வேலை இருக்கிறதா" என்று அதில் எழுதாதீர்கள். இருபது நிமிடம் கேட்டால் இருபதாவது நிமிடத்தில் நீங்களே எழுந்துவிடுங்கள், அந்த மரியாதையை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

வேலை முடிந்து மதுக்கூடத்தில் கூடுவதற்கு, ஹாப்பி அவர் என்று அழைப்பார்கள். குடிக்கத்தான் போக வேண்டும் என்றில்லை. சோடாவில் எலுமிச்சை போட்டுக் கேளுங்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. 21 வயது ஆகாதவர்களுக்கு மது சட்டப்படி கிடையாது, சில இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். அங்கே முதல் கேள்வி "என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான். இரண்டு வாக்கியத்தில் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

ஐந்து நாளும் மாலைக் கூட்டம் என்று ஓடினால் நாலாவது வாரத்தில் காய்ச்சல்தான் வரும். வாரத்துக்கு இரண்டு மாலை போதும். காய்ச்சல் என்றால் அர்ஜென்ட் கேர் என்ற சிறு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவு நெஞ்சுவலி போன்றவற்றுக்கு. அதன் பில் பல மடங்கு. ஜே-1 காப்பீட்டிலேயே முதல் 500 டாலர் வரை உங்கள் தலையில் விழலாம்.

சனி ஞாயிறுக்குக் காசே வேண்டாம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. மெட்ரோவில் ஸ்மார்ட்ரிப் அட்டையை நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்ட வேண்டும், உள்ளே சாப்பிடக் கூடாது. நம் ஊர் ஞாபகம் வந்தால் ஆரஞ்சுப் பாதையில் கடைசி நிறுத்தமான நியூ கேரல்டனில் இறங்குங்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில், மேரிலாந்தின் லேன்ஹமில், முருகன் கோயிலும் சிவ விஷ்ணு கோயிலும் இருக்கின்றன.

பயிற்சி முடிந்தபின் 30 நாள் ஊர் சுற்ற அனுமதி உண்டு, வேலை செய்யக் கூடாது. அந்த நாட்களில் நாட்டைவிட்டு வெளியே போனால் அதே ஜே-1 விசாவில் திரும்ப நுழைய முடியாது. நயாகரா போகிறவர்கள் கனடாப் பக்கத்துக்குப் பாலம் தாண்டாமல், நியூயார்க் கரையில் நின்றே அருவியைப் பாருங்கள்.