பாயசம் முதலில் வந்தால் என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணிப் புலிகளே, வணக்கம். போங் ஜூன்-ஹோ 2006-ல் எடுத்த கொரிய மிருகப் படம் 'தி ஹோஸ்ட்'. அதில் விஞ்சி நிற்பது நிறையா குறையா என்பது கேள்வி. நான் நிறை அணி.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "கால் மணி நேரத்துக்குள் மிருகத்தை முழுசாகக் காட்டிவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்ததுமே பாயசம் ஊற்றினால், அப்புறம் எவன் உட்காருவான்?" அதற்குக் கைதட்டல் வேறு. ஐயா, நீங்கள் எந்த ஊர்க் கல்யாணத்தில் சாப்பிட்டீர்கள்? எங்கள் வீட்டுப் பந்தியில் இலை நுனியில் ஒரு கரண்டி பாயசம்தான் முதலில் விழும். அதை நக்கிவிட்டு எழுந்து போனவன் ஒருவனைக் காட்டுங்கள்! சாம்பார், ரசம், மோர் எல்லாம் பார்த்துவிட்டு, பாயச வாளி மறுபடி வருமா என்று சமையல்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான்.

மிருகத்தை ஒளித்து வைத்து என்ன பயன்? அது எப்படிப் பிறந்தது என்பதே முதல் காட்சியில் தெரிந்துவிடுகிறது. தென்கொரியத் தலைநகர் சியோலில், அமெரிக்க ராணுவ முகாமின் பிணவறையில், பிணம் பதப்படுத்தும் நச்சு ரசாயனமான ஃபார்மால்டிஹைடைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். அது ஹான் ஆற்றில் கலந்ததில் பிறந்ததுதான் மிருகம். அப்படி ஊற்றியது 2000-ல் நிஜமாகவே நடந்த கூத்து.

சரி, கதாநாயகனைப் பாருங்கள். ஹான் ஆற்றங்கரையில் அப்பாவின் பெட்டிக்கடை. இவன் கல்லாவில் தலை சாய்த்துத் தூக்கம். வாடிக்கையாளருக்குச் சுட்ட கணவாய் மீன். கணவாய்க்குப் பத்துக் கால். போய்ச் சேர்ந்ததோ ஒன்பது! பத்தாவது எங்கே? இவன் வயிற்றில். அப்பா திட்டி, இன்னொரு கணவாயை இலவசமாகக் கொடுத்துவிட்டு வா என்று துரத்துகிறார். தட்டோடு ஆற்றோரம் போகிறான். அங்கே பாலத்துக்கு அடியில் ஏதோ தொங்குகிறது. ஊரே வேடிக்கை பார்க்க, இவன் பீர் கேனைத் தூக்கித் தண்ணீரில் போடுகிறான். கணவாய் கேட்டவனைப் பாவம், மறந்தே போனான்! கொஞ்ச நேரத்தில் மிருகம் துரத்துகிறது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். விழுகிறான், எழுகிறான், மறுபடி கையைப் பிடித்து ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால், அது வேறொரு பெண்ணின் கை. மகளை மிருகம் தூக்கிப் போய்விடுகிறது.

சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் இப்போது கப்சிப். பார்த்தீர்களா?

குறை இல்லையா? உண்டு. கடைசியில் மிருகம் எரியும் தீ, கிராஃபிக்ஸில் ஒட்டவைத்தது போல் இருக்கிறது. மிருகம் வைரஸ் பரப்புகிறது என்று அரசு கிளப்பும் கதை வேறு இழுவை. எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கே தருகிறேன்.

ஆனால் ஒரு காட்சி. மகளைத் தேடி அலைந்த குடும்பம், இரவில் தங்கள் கடைக்குள்ளேயே ஒளிந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறது. நடுவில் அந்த மகள் மெல்ல எழுகிறாள். யாரும் அதிரவில்லை. ஆளுக்கொரு வாய் ஊட்டுகிறார்கள். அவள் அங்கே இல்லை, நடுவர் அவர்களே. சாக்கடைக் குழியில் பசியோடு கிடக்கிறாள். என் பாட்டி, ஊரைவிட்டு ஓடிப்போன சித்தப்பாவுக்குத் தினமும் ஒரு பிடி சோறு எடுத்து மூடி வைப்பார். நாங்கள் கேலி செய்வோம். இந்தக் காட்சியைப் பார்த்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த மகள் உயிரோடு திரும்பவில்லை. அவள் காப்பாற்றிய அநாதைப் பையன் திரும்புகிறான். பனி கொட்டும் இரவில், அதே கடை. தூங்குமூஞ்சி அப்பன் இப்போது துப்பாக்கியோடு விழித்திருக்கிறான். பையனை எழுப்பி, எதிரே சோறு வைக்கிறான்.

மணியில் கை வைக்காதீர்கள், நடுவர் அவர்களே. அந்தப் பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும்.