விலை சொல்லும் வினைச்சொல்

அவையோர்க்கு வணக்கம். நகைக்கடன் வாங்க வங்கிக்குப் போனவர்கள் அங்கே ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். நீட்டிய சங்கிலியை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு, எஞ்சும் நிறத்தை உற்றுப் பார்த்து, கல்லும் அரக்கும் போக இத்தனை கிராம் என்று சீட்டில் எழுதித் தருபவர். அவரை அப்ரைசர் என்கிறோம். அவர் நகையைப் புகழ்வதில்லை, மதிக்கிறார். இன்று நான் எடுத்துக்கொண்ட ‘அப்ரிஷியேட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லும் அவருடைய தொழிற்பெயரும், விலை என்று பொருள்படும் ‘பிரெட்டியம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தவை.

நாமோ அதற்குப் ‘பாராட்டு’ என்று ஒரே பொருளைப் பள்ளியிலேயே எழுதி வைத்துக்கொண்டோம். தவணைக்கு அவகாசம் கேட்டிருந்த நண்பர் ஒருவர், ‘வீ அப்ரிஷியேட் யுவர் டிஃபிகல்ட்டி’ என்று தொடங்கிய பதில் கடிதத்தை என்னிடம் நீட்டி, “என் கஷ்டத்தைப் பாராட்டுகிறார்களாமே!” என்று கொதித்தார். உங்கள் சிரமத்தின் கனம் எங்களுக்கு விளங்குகிறது என்பதே அதன் பொருள். அடுத்த வரி ‘பட்’ என்றுதான் தொடங்கியது என்பது வேறு கதை.

செயப்படுபொருள் இல்லாமல் நின்றால் இச்சொல் தானாக விலை ஏறுவதைக் குறிக்கும். நிலம் அப்ரிஷியேட் ஆகிறது, ரூபாய் அப்ரிஷியேட் ஆகிறது என்கிறோம் அல்லவா? இதன் எதிர்ச்சொல்லிலிருந்து வந்ததே, கணக்கர்கள் தேய்மானம் என்று எழுதும் டிப்ரிஷியேஷன். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 32ஆம் பிரிவில் இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் அனுமதித்தது அதைத்தான். ஆகவே விண்ணப்பங்களில் ‘ஐ உட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ’ என்று எழுதும்போது அந்த ‘இட்’டை விழுங்கிவிடாதீர்கள், விழுங்கினால், இலக்கணப்படி, விண்ணப்பித்தவரின் விலைதான் ஏறும். பின்னால் இன்னொரு வினை வந்தால் ‘டு ஹெல்ப்’ பொருந்தாது, ‘ஹெல்பிங்’ என்றே வரவேண்டும்.

தமிழில் ‘பாராட்டு’ என்பதும் எப்போதும் புகழ்ச்சியாக இருப்பதில்லை. பகை பாராட்டுகிறோம், உரிமையும் பாராட்டுகிறோம். இருந்தாலும் அப்ரிஷியேட்டுக்கு நெருங்கிய உறவு ‘மதி’ என்ற வினையே என்பேன். பொருளின் விலையும் மனிதருக்குத் தரும் மரியாதையும் நமக்கு மதிப்பு என்ற ஒரே சொல்தான். தமிழ்த் தேர்வில் ‘பா நயம் பாராட்டுக’ என்ற வினாவுக்கு, பாடல் மிக அருமை என்று பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. எதுகை எங்கே, மோனை எங்கே, என்ன அணி என்று தொட்டுக் காட்டினால்தான் திருத்துபவர் எண் போடுவார்; அந்த எண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயரும் மதிப்பெண்.