கிளாக்வைஸ்: எந்தப் பக்கமாக நின்று பார்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். கிளாக்வைஸ். கடிகார முள் சுற்றுகிற திசையில் என்று பொருள். தமிழில் வலஞ்சுழி என்ற அழகான சொல் இருக்கிறது, எதிர்த்திசை இடஞ்சுழி. அந்த எதிர்த்திசையைப் பிரிட்டனில் ஆன்ட்டிகிளாக்வைஸ் என்பார்கள், அமெரிக்காவில் கவுன்ட்டர்கிளாக்வைஸ்.

கடைசியில் ஒட்டியிருக்கும் 'வைஸ்' புத்திசாலியைக் குறிப்பதல்ல. விதம், வகை என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் வழங்கியது. லைக்வைஸ், அதர்வைஸ் ஆகியவற்றிலும் இதே வால்தான்.

பயன்பாட்டில் ஒரு சறுக்கல் உண்டு. 'டர்ன் இட் டு கிளாக்வைஸ்' என்று சிலர் சொல்வார்கள். அந்த 'டு' வேண்டாம். திசை என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; 'டர்ன் இட் கிளாக்வைஸ்' போதும்.

சரி, முள் ஏன் அந்தப் பக்கமாகச் சுற்றுகிறது? சூரியக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் என்பது பரவலான விளக்கம். ஐரோப்பாவில் தரையில் ஒரு குச்சியை நட்டால், நிழல் காலையில் மேற்கே விழும், நண்பகலில் வடக்கே, மாலையில் கிழக்கே. நியூசிலாந்தில் நட்டால் நிழல் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். பொலிவியா நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரத்தை 2014-இல் இடஞ்சுழியாகவே மாற்றிவிட்டார்கள், நாங்கள் தெற்கத்திக்காரர்கள் என்று!

இப்போது ஒரு சின்ன சோதனை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே நீட்டி, அண்ணாந்து பார்த்தபடி வலஞ்சுழியாக வட்டம் போடுங்கள். வட்டத்தை நிறுத்தாமல், விரலையும் திருப்பாமல், கையை மெல்ல இடுப்பு வரை இறக்குங்கள். குனிந்து பாருங்கள். விரல் இடஞ்சுழியாகச் சுற்றும்! விரல் மாறவில்லை, கீழிருந்து பார்த்தவர் மேலிருந்து பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால்தான் இந்தச் சொல்லோடு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி இடஞ்சுழி, தென்துருவத்திலிருந்து வலஞ்சுழி.

ஆனால் பக்கம் சரியாக இருந்தும் நான் ஏமாந்தது சைக்கிளில். திருகாணியை இடஞ்சுழியாகத் திருப்பினால் கழன்றுவிடும் என்ற நம்பிக்கையில் இடது பெடலோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருப்பார்கள், மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க. அந்த அரைமணி நேரமும் நான் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வணக்கம்.